முதல் இழுப்பு

முஅல்லிம் ஸக்லூல் மூன்றாவது முறையாக வேப் கடைக்கு வந்தார். வேப் என்கிற மின்சிகரெட் கருவியைக் கைக்குட்டையில் சுற்றி, செத்த எலியைத் தூக்கி வருவதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடி மேசைமேல் வைத்தார். கைக்குட்டை நனைந்திருந்தது. கடை முழுக்க ஆப்பிள் வாசனையும் அதற்குள்ளே ஒரு கருகல் நெடியும் பரவின.

“ஒழுகுது,” என்றார். “கருகவும் கருகுது. ரெண்டும் ஒண்ணா நடக்கற அதிசயத்த உங்க கடைச் சரக்குலதான் பாத்தேன்.”

பஹரி வட்டாரத்தில் காப்பிக்கடை வைத்திருப்பவர் அவர்; முதலாளி என்பதால் எல்லோருக்கும் முஅல்லிம். நாற்பது வருடம், கரியில் எரிந்து தண்ணீர் வழியாகப் புகை வரும் ஷீஷாக் குழாயை வாயிலிருந்து எடுக்காத மனிதர். போன மாதம் வீட்டில் ஒரு கரித்துண்டு உருண்டு, கல்யாணச் சீராக வந்த கம்பளத்தில் கையகலத்துக்கு ஓட்டை போட்டுவிட்டது. ஹஜ்ஜா, அதாவது அவருடைய மனைவி, அன்றைக்கே ஷீஷாவைத் தூக்கி மொட்டைமாடியில் புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஊரையே அதட்டுகிற மனிதர் ஹஜ்ஜாவுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. தன் காப்பிக்கடையில் இழுத்துவிட்டுப் போனாலும் அவள் சட்டையில் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று, மறுநாளே மன்ஷிய்யாவில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்து வேப் வாங்கினார். செய்தி பரவியதும் அவர் கடைக்கு வழக்கமாக வருகிற பதினோரு பேருடைய மனைவிமாரும் தங்கள் தங்கள் வீட்டில் கரிக்குத் தடை போட்டுவிட்டார்கள்; அந்தப் பதினோரு பேரும் இங்கேயே வந்து வேப் வாங்கினார்கள்.

“ராவியா, முஅல்லிமுக்கு என்னன்னு பாரு,” என்றான் ரிஃபாத். கடை அவனுடையது. வாடிக்கையாளர் குரல் கொஞ்சம் உயர்ந்தால் இவன் குரல் தரையில் ஊரும். அப்படி ஒரு பிறவி.

ராவியா மூலை மேசையிலிருந்து எழுந்து வந்தாள். பன்னிரண்டு வருடம் ரேடியோத் தொழிற்சாலையில் கம்பி சுற்றியவள். முடியைவிட மெல்லிய கம்பியை இரண்டு தடித்த கம்பிமேல் இடைவெளி தெரியாமல் பின்னி, அதைச் சுருட்டி அவள் செய்கிற காயில்களுக்கு இந்த நகரத்தில் ஒரு மரியாதை உண்டு. பாக்கெட்டில் கடைப் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருக்கும்: ‘கைவேலை: ராவியா ஷுக்ரி’. தொழிற்சாலையில் அவள் சுற்றிய லட்சம் சுருளில் ஒன்றில்கூட அவள் பெயர் இருந்ததில்லை.

திரவம் நிற்கும் டேங்கைக் கழற்றினாள். உள்ளே இருந்த காயிலைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். கால்கள் இரண்டும் ஸ்க்ரூவுக்குக் கீழே கெட்டியாக இருந்தன. எங்கேயும் உரசவில்லை. மின்தடை காட்டும் ஓம் மீட்டரில் வைத்தாள். எண் ஆடாமல் நின்றது. இணைப்பு தளர்ந்திருந்தால் எண் குதிக்கும், இதில் குதிக்கவில்லை. சூடாகும் காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சு மட்டும் நடுவில் கருத்திருந்தது.

பஞ்சை அதிகமாகத் திணித்தால் திரவம் ஊறாமல் கருகும். குறைவாக வைத்தால் திரவம் நிற்காமல் ஒழுகும். இது இந்தத் தொழிலின் முதல் பாடம். முதல் தடவை அவர் கருகுது என்றபோது பஞ்சைக் குறைத்துக் கொடுத்தாள். மறுநாள் அதிகமாக ஒழுகுது என்று வந்தார். பஞ்சைக் கூட்டினாள். இப்போது இப்படி. ஒரே பஞ்சு தாகத்திலும் சாகிறது, வெள்ளத்திலும் சாகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பஞ்சை மாற்றி, திரவம் ஊறவைத்து, தன் வாய்க்குழாயைப் பொருத்தி வழக்கம்போல முதல் இழுப்பைத் தானே இழுத்துப் பார்த்தாள். சுத்தமாக வந்தது. அவருடைய வாய்க்குழாயைத் துடைத்து மாட்டி நீட்டினாள். அவர் வாங்கி நீளமாக இழுத்தார். வெள்ளை மேகம் மேசையை மூடியது.

“இங்க என்னவோ தேனாத்தான் இருக்கு,” என்றார். அதிலும் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. “வீட்டுக்குப் போனா பேய் புடிச்சுக்குது. ஏம்மா, என்னைய வெச்சு வெளையாடறியா?”

“மூணு நாளா என் தூக்கத்த வெச்சு வெளையாடிட்டிருக்கு முஅல்லிம். உங்கள வெச்சு நான் ஏன் வெளையாடப் போறேன்?”

“வாய் நல்லாத்தான் வேல செய்யுது. வியாழக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் என் ஆளுங்க பதினோரு பேரும் ஃபேக்டரி காயிலுக்குப் போயிருவாங்க. ஏன்னு கேட்டா சொல்லவும் செய்வேன்.” நனைந்த கைக்குட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் ரிஃபாத் இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுப் பாக்கெட்டை எடுத்தான். புதிதாக அச்சடித்தவை. கடைப் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. அதற்குக் கீழே வெறும் கறுப்பு.

“என் பேரு எங்க?”

“கோவிச்சுக்காத. ஃபோன் குரூப்புல ஒருத்தன் எழுதிட்டான், ராவியா காயில் கருகுதுன்னு. பேரு இருந்தாத்தான பேரு கெடும்? கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்.”

அவளுக்குக் காது வரை சூடேறியது. “கொஞ்ச நாளா? எடுத்த பேர யாராவது திருப்பி வெச்சுப் பாத்திருக்கியா? அத உள்ள வை. வியாழன் வரைக்கும் பழைய பாக்கெட்டுதான் போகணும்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறமும் பழைய பாக்கெட்டுதான்.”

சொல்லிவிட்டாள். சொல்வதற்கென்ன, வாய் இருக்கிறது. செய்து காட்டுவது வேறு. அவர் வைத்திருப்பது போலவே ஒரு டேங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதே கம்பி, அதே சுற்று, அதே பஞ்சு. அதைக் கெடுப்பதற்குத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். டிராமில் வைத்து இழுத்தாள். படுக்கப் போட்டாள். தலைகீழாக நிறுத்தினாள். வெயிலில் காயவைத்தாள், குளிர்பெட்டியில் வைத்தாள். பேட்டரியைக் கூட்டிக் குறைத்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஒரு தடவை கருகவில்லை. நல்ல பிள்ளையாக நின்றது சனியன். புதன்கிழமை காலையில் அதைப் பார்க்கும்போது அழுகையே வந்துவிட்டது. கெட்டுத் தொலைந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. கருவியை நாலு நாளாகப் பார்த்தாயிற்று. பிடித்திருக்கும் ஆளை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

பஹரியில் அந்தக் காப்பிக்கடைக்குள் அவள் நுழைந்தபோது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கூட்டம் நிரம்பியிருந்தது. டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஒருவர் கட்டையை மேசைமேல் அறைய ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினார். அந்தக் கடையில் பெண்பிள்ளை கடைசியாக உட்கார்ந்தது எப்போது என்று யாருக்கும் ஞாபகமில்லை. பரிசாரகன் ஷலபி, தொப்பையும் நரைத்த மீசையுமாக ஓடிவந்தான்.

“யாரையாவது தேடறீங்களா மேடம்?”

“நாற்காலியத் தேடறேன். அதோ ஒண்ணு இருக்கு. புதினா போட்டு ஒரு டீ.”

கல்லாவுக்குப் பக்கத்தில் தன் உயர்ந்த நாற்காலியில் இருந்த ஸக்லூல் புருவத்தைத் தூக்கினார். கருவி அவர் மடியில் கிடந்தது. கையில் தொழுகை மாலை.

“நாளைக்குத்தான வியாழன்?” என்றார்.

“இன்னைக்கு டீ குடிக்க வந்தேன் முஅல்லிம். குடிக்கலாமில்ல?”

“குடி. கடைதான இது.”

அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து மேசைக்காரர் ஷீஷா கேட்டார். ஷலபி கொண்டுவந்து வைத்து, கரியைச் சரிசெய்து, தன் வாய்க்குழாயைச் செருகி, கன்னம் ஒட்ட இரண்டு மூன்று தடவை இழுத்தான். புகை நன்றாகப் பிடித்ததும் தன் குழாயை உருவிவிட்டு மேசைக்காரரிடம் கொடுத்தான். அவர் வாங்கி நேராக இழுத்தார். பற்றவைத்துக் கொடுப்பது பரிசாரகன் வேலை, அனுபவிப்பது வாடிக்கையாளர் வேலை. நூறு தடவை பார்த்த காட்சிதான். ராவியா டீயை உறிஞ்சினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த மேசைக்காரர் முகம் சுளித்தார். புகை காரமாகிவிட்டது. குழாயை வாயில் வைத்து, இழுக்காமல், உள்ளே பலமாக ஊதினார். தண்ணீர் களகளத்தது, அடைபட்டிருந்த பழைய புகை வெளியே பீறிட்டது. பிறகு நிம்மதியாக இழுக்க ஆரம்பித்தார்.

அதே நேரம் ஸக்லூல் மடியிலிருந்த கருவியை எடுத்தார். வாயில் வைத்தார். கன்னம் இரண்டும் புடைக்க, உள்ளே ஊதினார்.

ராவியா டீக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

ஊதி முடித்த கையோடு பொத்தானை அழுத்தி, மூச்சு முட்ட நீளமாக இழுத்தார். பாதியிலேயே இருமல் வந்தது. டேங்கின் அடித்துளை வழியாகத் திரவம் வழிந்து கட்டைவிரலில் இறங்கியது. “பாத்தியா?” என்று அவளைப் பார்த்து இருமிக்கொண்டே சொன்னார். கருகல் போகட்டும் என்று மறுபடியும் ஊதினார். இன்னும் கொஞ்சம் ஒழுகியது. மறுபடியும் இழுத்தார். இன்னும் கருகியது.

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பஞ்சில் ஊறியிருந்ததையெல்லாம் இந்த மனிதர் தன் மூச்சாலேயே அடித்துளை வழியாகத் தள்ளிவிடுகிறார். அது ஒழுகல். பஞ்சு மறுபடி குடிப்பதற்குள் நெருப்பை வைக்கிறார். அது கருகல். பஞ்சைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன? கடையில் ஏன் நடக்கவில்லை என்பதும் விளங்கிவிட்டது. அங்கே முதல் இழுப்பை அவள் இழுத்துக் கொடுக்கிறாள். ஷலபி பற்றவைத்துக் கொடுக்கும் குழாயைப் போல அவர் அதை வாங்கி நேராக இழுத்துவிடுகிறார். மரியாதை தெரிந்த மனிதர், அடுத்தவர் இழுத்துக் கொடுத்ததில் ஊதமாட்டார்.

சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று தடவை பத்துப் பேர் முன்னால் அவள் கையைச் சுட்டிக்காட்டிப் பேசினாரே, இப்போது நாற்பது பேர் முன்னால் அவர் வாயைச் சுட்டிக்காட்டினால் என்ன? ஆனால் ஷீஷாவில் பழம் தின்று கொட்டை போட்ட ஆளிடம் உங்களுக்குப் புகைக்கத் தெரியவில்லை என்றால் ஒத்துக்கொள்வாரா? குரலை உயர்த்துவார், பதினோரு பேரும் தலையாட்டுவார்கள், அவள் பெயர் அத்தோடு குப்பைக்குப் போகும். அதைவிட இன்னொன்றும் அவளை உறுத்தியது. ஊதாதீங்க என்று சொல்லி அனுப்புவது கைவேலைக்காரிக்கு அழகா? ஃபேக்டரிக்காரன் சொல்லட்டும் அதை.

எழுந்து அவர் மேசைக்குப் போனாள். “டோமினோவ அந்தப் பக்கம் தள்ளுங்க. ஷலபி, ஒரு டம்ளர் சுத்தமான தண்ணி கொண்டா.”

“என்ன பண்ணப் போற?” என்றார் ஸக்லூல்.

“உங்க கண்ணு முன்னாடி பேயோட்டப் போறேன்.”

கைப்பையிலிருந்து கருவிப்பெட்டி வந்தது. அவர் டேங்கைத் திறந்து காயிலை அப்படியே கழற்றி எடுத்து, சுற்றி நின்றவர்களுக்குக் காட்டினாள்.

“இதுதான் கருகுதுன்னு சொன்ன காயில். நல்லாப் பாத்துக்கங்க. வேற மாத்திட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.”

“இதுல என்னம்மா தெரியும், கொசுக்கால் மாதிரி இருக்கு,” என்றார் டோமினோக்காரர்.

“கண்ணாடியப் போடுங்க, தெரியும்.”

அடுத்து அவள் தன் சொந்த டேங்கை எடுத்தாள். டிராமில் போகும்போது கைப்பை நனையக் கூடாது என்று வாங்கிவைத்தது. அதில் காற்றுத் துளைகள் அடியில் இல்லை, மேலே தோள்பட்டையில் இருந்தன. அவருடைய காயிலை அதில் உட்கார வைத்து, கால்களை இறுக்கி, மிச்சத்தை நறுக்கினாள். பஞ்சில்லாமல் அவர் கருவியில் மாட்டி, பொத்தானை விட்டு விட்டு அழுத்தினாள். காயில் சிவந்தது. ஆனால் ஒரு ஓரம் மட்டும் முந்திக்கொண்டு எரிந்தது. கூட்டத்தில் ஒருவர் உச்சுக் கொட்டினார். ராவியா நிமிரவில்லை. பீங்கான் இடுக்கியால் சுருளை மெல்ல வருடினாள், அழுத்தினாள், மறுபடி வருடினாள். மூன்றாவது அழுத்தலில் நெருப்பு நடுவில் பிறந்து இரண்டு ஓரத்துக்கும் ஒரே வேகத்தில் பரவியது. ஒட்டியிருந்த கரி பொரிந்து உதிர்ந்தது. ஆறவிட்டு டம்ளர் தண்ணீரில் அலசித் துடைத்தாள். பழைய காயில் வெள்ளிபோல நின்றது.

பிறகு பஞ்சு. திரித்து உள்ளே நுழைத்தபோது இறுக்கமுமில்லை, தளர்ச்சியுமில்லை. நுனிகளைச் சீப்பால் சீவிப் பாதியாக மெலித்தாள். ஊதிக் காயவைத்தாலும் ஒரு கணத்தில் மறுபடி குடித்துவிடும்படி திரவம் வரும் வாயில்களில் லேசாக விரித்துவிட்டாள். இதற்குள் கடையில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. ஷலபியின் கையில் இரண்டு காப்பி ஆறிக்கொண்டிருந்தது, சொன்னவர்களும் திருப்பிக் கேட்கவில்லை. எத்தனையோ வருடம் மேற்பார்வையாளனின் முதுகைப் பார்த்துக்கொண்டு கம்பி சுற்றியவள் அவள். நாற்பது ஜோடிக் கண் தன் விரலைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

டேங்கை மூடி, திரவம் நிரப்பி, ஊறும்வரை காத்திருந்து, கருவியை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. “நீ இழுத்துப் பாக்கல?”

“இல்ல.”

கடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பற்றவைக்காத குழாயை விருந்தாளியிடம் நீட்டுவது அங்கே அவமதிப்பு. ஸக்லூலின் முகம் இறுகியது.

“கடையில நான் இழுத்துக் குடுத்தேன், நல்லா இருந்துச்சு,” என்றாள் ராவியா. “வீட்டுல யாரும் இழுத்துத் தர்றதில்ல. அதனால வீட்டுல எப்படியோ அப்படியே இழுங்க முஅல்லிம். எதையும் மாத்தாதீங்க.”

அவர் அவளை முறைத்துக்கொண்டே வாங்கினார். வாயில் வைத்தார். நாற்பது வருடப் பழக்கம், கன்னம் தானாகப் புடைத்தது. பலமாக ஊதினார். கூட்டம் அவர் கட்டைவிரலைப் பார்த்தது. விரல் காய்ந்திருந்தது. பொத்தானை அழுத்தி இழுத்தார், விடாமல் இழுத்தார், ஷீஷாக்காரன் இழுப்பு. அவர் இருமவில்லை. மேகம் எழுந்து விட்டத்து விசிறிவரை போனது. மறுபடி ஊதினார், மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை ஊதுவதற்கு முன்னால் சற்று நின்றார். கருவியைப் பார்த்தார். பக்கத்து மேசையில் ஷீஷாக் குழாயில் ஊதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

“ஊதறேன்,” என்றார் மெதுவாக.

“ஊதறீங்க.”

“இதுல ஊதக் கூடாதா?”

“அந்த டேங்குல கூடாது. இதுல தாராளமா ஊதுங்க. நாப்பது வருஷ மூச்ச நீங்க எதுக்கு மாத்தணும்? காயில்தான் உங்களுக்குப் பழகணும்.” அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள்.

அவர் அதை அங்கேயே அமுக்கியிருக்கலாம். பேய் ஓடிவிட்டது என்று சொல்லிச் சிரித்துக் கடந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஸக்லூல் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“எல்லாரும் கேட்டுக்கங்கடா. காயில் அதே காயில். தப்பு அதுல இல்ல, என் வாயில. நான் ஊதி ஊதிக் கெடுத்துட்டு இந்தம்மா கையக் கொற சொல்லிருக்கேன். ஃபோன் குரூப்புல எழுதினவன் எவனோ, அவனும் இங்கதான் இருப்பான். இப்பவே அழிச்சு எழுதணும்.”

டோமினோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஃபோனை எடுத்தார்.

“நானும் ஊதறேன்,” என்றார் ஒருவர். “எனக்கும் ஒழுகுது,” என்றார் இன்னொருவர். பார்த்தால் பதினோரு பேருமே ஊதுகிறவர்கள். முஅல்லிமே ஒத்துக்கொள்ளும்வரை ஒருவரும் அதை வாய்திறந்து சொல்லவில்லை. தங்களுக்கும் இதே மாதிரி டேங்கும் காயிலும் இப்போதே வேண்டும் என்றார்கள். ஷலபி ரிஃபாத்துக்கு ஃபோன் போட்டான். கால் மணி நேரத்தில் ரிஃபாத் டாக்ஸி பிடித்து, வேர்த்து விறுவிறுத்து, ஒரு பை நிறைய மேல்துளை டேங்கும் காயிலுமாக வந்து சேர்ந்தான்.

“எனக்கு அப்பவே தெரியும் முஅல்லிம், நம்ம ராவியா கை...” என்று ஆரம்பித்துக்கொண்டே பையைக் கவிழ்த்தான்.

காயில்கள் அவள் காயில்கள்தான். பாக்கெட் புதுப் பாக்கெட். தங்க எழுத்தில் கடைப் பெயர், அதற்குக் கீழே வெறும் கறுப்பு.

ராவியா பதினோரு பாக்கெட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கறுப்பில் பேனா தெரியாது என்பதால் அவற்றைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளை. ஷலபியின் காதில் செருகியிருந்த பேனாவை உருவினாள்.

“அவசரத்துல எடுத்துட்டு வந்துட்டேன்,” என்றான் ரிஃபாத். “அடுத்த அச்சுல கண்டிப்பா...”

“நீ டீ சொல்லு,” என்றாள் அவள், எழுதிக்கொண்டே.

பின்பக்கத்தில் கடைப் பெயர் இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது. பெரிதாக எழுதினாள். முதல் பாக்கெட்டின் மை காய்வதற்குள் ஸக்லூல் அதை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணாடி கொண்டுவராதவர்களுக்காக உரக்கப் படித்தார்.

“ராவியா ஷுக்ரி.”